வரகுப் பரப்பில் குரக்கன்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. காணியின் அளவைப் பரப்பு, குழி என்று எழுதிவிட்டு, கூடவே ‘வரகு’ என்றோ ‘நெல்’ என்றோ ஒரு சொல்லையும் சேர்த்திருப்பார்கள். மேட்டுக் காணி என்றால் வரகுப் பரப்பு, வயற்காணி என்றால் நெற்பரப்பு. வரகுப் பரப்பு 16 சேர்ந்தால் ஓர் ஏக்கர். நெற்பரப்பென்றால் ஓர் ஏக்கருக்கு 24 வேண்டும். இவ்வளவு விதை விதைக்கும் நிலம் என்றே எங்கள் முன்னோர் நிலத்தை அளந்தார்கள் என்பதும், மேட்டு நிலத்தில் அவர்கள் விதைத்தது வரகுதான் என்பதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன.

இதை வாசிக்கும் சகோதரிகளில் பலர் அந்த உறுதியைப் பொலித்தீன் பைக்குள் சுற்றி, இடம்பெயர்ந்த இடமெல்லாம் கொண்டு திரிந்தவர்கள். “வீடு போட்டுது, நகை போட்டுது, உறுதி மட்டும்தான் கையில மிஞ்சினது” என்று சொல்பவர்களைக் கிழமைக்கு இரண்டு பேரையாவது நான் சந்திக்கிறேன். ஆனால் உறுதியில் எழுதியிருக்கும் வரகைத் தோட்டத்தில் கண்டவர்கள் அவர்களிலும் மிகக் குறைவு. தினையும் சாமையும் அப்படித்தான், கடைப் பைக்கற்றுகளில் மட்டும் காண்கிறோம். குரக்கன் ஒன்றுதான் இன்னும் எங்கள் மண்ணை விட்டுப் போகாமல் ஒட்டிக்கொண்டு இருக்கிறது.

எங்கள் வேலையில் வாழ்வாதார உதவிக்கான படிவம் ஒன்று உண்டு. ‘உங்களுக்கு எது தேவை?’ என்ற கேள்விக்குப் பெரும்பாலான பெண்கள் தையல் மெசின், கோழி, ஆடு, சிறு கடை என்று எழுதுவார்கள். எதைக் கேட்டால் கொடுப்பார்கள் என்று தெரிந்துகொண்டு அதையே எழுதுவதும் உண்டு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வலிகாமம் வடக்கிலிருந்து வந்த ஒரு படிவத்தில் மட்டும், ‘குரக்கன் அரைக்கவும் சாமை குற்றவும் ஒரு சின்ன மில்’ என்று எழுதியிருந்தது. எழுதியவருக்கு வயது 54. கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர். மகளுடனும் பேரப்பிள்ளையுடனும் இருக்கிறார். மாசி மாதத்தில் ஒரு நாள் அவரைப் பார்ப்பதற்காகப் பலாலி வீதியால் போகும் பஸ்சில் ஏறினேன்.

முதலில் திருநெல்வேலிச் சந்தையடியில் இறங்கி, குரக்கனின் நிலவரம் என்ன என்று பார்த்தேன். சந்தைக்கு முன்னாலுள்ள ஒரு பலசரக்குக் கடையில் குரக்கன் மா இரண்டு வகையாக இருந்தது. ஒன்று அழகான பைக்கற்றில் ‘நீரிழிவுக்கு உகந்தது’ என்ற எழுத்தோடு. மற்றது சாக்கில் வந்ததை நிறுத்துக் கட்டியது. “இது எந்த ஊர்க் குரக்கன் அண்ணை?” என்று கேட்டேன். “அநுராதபுரப் பக்கம் தங்கச்சி. ஊர்க் குரக்கன் வந்தால் வந்த அண்டே முடிஞ்சு போடும். ஆர் இப்ப விதைக்கினம்?” என்றார். விலையைக் கேட்டேன். கோதுமை மாவைவிட நன்றாகவே கூட. ஏழையின் சாப்பாடு என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்ட தானியத்தை இன்றைக்கு டொக்டரின் துண்டோடு வசதியானவர்கள் தேடி வாங்குகிறார்கள். ஏழை வீட்டில் பாண் சாப்பிடுகிறார்கள்.

இது ஒரே நாளில் நடந்ததல்ல. கோண்டாவில், உரும்பிராய் என்று பஸ் வடக்கே போகப் போக, இரண்டு பக்கமும் செம்மண் தறைகள் தெரியும். ஆறில்லாத குடாநாடு இது. கிணற்றை நம்பியே தோட்டம். அந்த மண்ணிலே இன்று பார்த்தால் வெங்காயப் பாத்தி, புகையிலை, வாழை, மரவள்ளி. காசு தரும் பயிர்களாகிய இவை ஒவ்வொன்றாக வரவர, சாப்பாட்டுக்கான சிறுதானியம் ஓரத்துக்குப் போனது. சாப்பாட்டுக்கு அரிசி கப்பலில் வந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் இலங்கைக்குத் தேவையான அரிசியில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்தே வந்தது. அதில் பெரும் பங்கு பர்மா அரிசி. 1942இல் பர்மா யப்பானியர் கைக்குப் போனதும் அந்த வரத்து நின்றது, நாட்டில் அரிசிக்குக் கூப்பன் முறை வந்தது. கைவிட்ட குரக்கனையும் மரவள்ளியையும் சனம் மறுபடி தேடியது அப்போதுதான்.

அதற்குப் பிறகு வந்தது கோதுமை மா. எங்கள் நாட்டில் கோதுமை விளைவதில்லை. அமெரிக்க உணவு உதவியாகவும், பின்னர் விலைக்கும் வந்து குவிந்து, 1980இல் திருகோணமலையில் பெரிய மா ஆலையும் தொடங்கியபின் பாணும் கோதுமை மாப் புட்டும் எங்கள் சாப்பாடாகிவிட்டன. 1970களின் முற்பகுதியில் வெங்காயம், மிளகாய் இறக்குமதியை அரசாங்கம் தடுத்த காலம் எங்கள் கமக்காரருக்குப் பொற்காலம் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் அதே காலத்தில் மாவுக்கும் பாணுக்கும் வரிசையில் நின்றதையும், மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்ததையும், குரக்கனையும் மரவள்ளியையும் தின்று சமாளித்ததையும் எங்கள் பாட்டிமார் சொல்லாமல் விடமாட்டார்கள். வெங்காயத்தில் வந்த காசு கல் வீடாகிச் சீதனமும் ஆனது. சாப்பாட்டுக்கு மட்டும் நாங்கள் நெடுகவும் வெளியாரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பொருளாதாரத் தடைக் காலத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1990க்குப் பிறகு யூரியா இல்லை, மண்ணெண்ணெய் யானை விலை, பம் இறைக்க வழியில்லை. அப்போதும் நிவாரணமாக வந்த அரிசியும் கோதுமை மாவும் பருப்பும்தான் பல குடும்பங்களைக் காப்பாற்றின. அதை மறுக்கக்கூடாது. அதே வேளை, ஒரு தலைமுறையே நிவாரண மாவில் வளர்ந்ததால், குரக்கனைக் கண்டால் முகம் சுளிக்கும் பிள்ளைகளும் அதே காலத்தில்தான் உருவானார்கள்.

புன்னாலைக்கட்டுவன் தாண்டி வசாவிளான் பக்கம் போனால் காட்சி மாறும். 1990இல் சனம் எழும்பிப் போன நிலம் அது. உயர் பாதுகாப்பு வலயமாகக் கிடந்து, போர் முடிந்தபின் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டது. கூரையில்லாத சுவர்களுக்குள் வேம்பு முளைத்து நிற்கிறது. கிளுவை வேலிகள் இல்லை, எல்லைக் கதியால்கள் இல்லை. எவருடைய காணி எங்கே முடிகிறது என்பதற்கு உறுதியும் நில அளவையாளரும்தான் சாட்சி. உறுதியிலுள்ள ‘வரகு’ என்ற சொல்லுக்கு இங்கே திடீரென்று பெறுமதி வந்துவிடுகிறது. அதை நெற்பரப்பு என்று பிழையாகக் கணக்கிட்டால் காணியில் மூன்றில் ஒரு பங்கு காணாமற் போய்விடும்.

அக்காவின் காணி சீதனமாக வந்த ஆறு பரப்பு. படலைக்குள் கால் வைத்ததும், “வாங்கோ மிஸ், வெயிலுக்குள்ள வந்தனீங்கள், முதல்ல இதைக் குடியுங்கோ” என்று ஒரு சிரட்டையில் குரக்கன் கஞ்சி தந்தார். மோர் விட்டு, சின்ன வெங்காயம் அரிந்து போட்டிருந்தது. அறுவடை ஏறக்குறைய முடிந்திருந்தது. முற்றத்தில் பாயில் கதிர்கள் காய்ந்துகொண்டிருந்தன. விரலை மடித்து வைத்தது போன்ற கதிர்.

“ஏன் அக்கா குரக்கன்? பக்கத்துத் தறை முழுக்க வெங்காயமெல்லோ?” என்று கேட்டேன்.

“வெங்காயத்துக்கு முதல் வேணும் மிஸ். விதை வெங்காயம் என்ன விலை? இறைக்கோணும், மருந்தடிக்கோணும், கூலி பிடிக்கோணும். கிண்டின உடன விக்கோணும். வியாபாரி சொன்னதுதான் விலை. இதுக்கு என்ன? பரப்புக்கு ஒரு சுண்டு விதையும் தேவையில்லை. ஐப்பசி மழைக்கு விதைச்சால் மழையே பாத்துக்கொள்ளும். மூண்டரை மாசம்.”

அவர் விதைத்தது இரண்டு பரப்பில். மற்ற நாலு பரப்பில் இன்னும் கல்லும் பற்றையும். துப்புரவாக்கக் கடன் எடுக்க நினைத்தபோது வந்த தடையைச் சொன்னார். தேசவழமையின் கீழ், 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி, மனைவி தன் பெயரிலுள்ள காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலச் சம்மதம் தேவை. கணவன் இருக்கும் இடமே தெரியாதபோது யாரிடம் கையெழுத்து வாங்குவது? மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுப் போட்டு அனுமதி பெற வழியிருக்கிறது. இந்த வழி தெரியாத சகோதரிகள் பலர் இருப்பதால் இங்கே எழுதுகிறேன். அக்கா அதைச் செய்யவில்லை. “ஈடு வைச்சுப் பிறகு மீட்க ஏலாமல் போனால்?” என்றார். அந்தப் பயமும் நியாயமானதே.

நுண்கடனும் இந்தப் பயிருக்குச் சரிவராது. கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் கடனுக்கு, 110 நாள் ஒரு சதமும் தராத பயிரை வைத்துக்கொண்டு எப்படிப் பதில் சொல்வது? 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது என்றால், அந்தக் கடன்முறை எங்கள் பெண்களின் வருமானத்தோடு எவ்வளவு பொருந்தாமல் இருந்தது என்று பாருங்கள். பயிர் மாதக்கணக்கில் வளர்கிறது, கடன் கிழமைக்கணக்கில் வளர்கிறது.

அக்காவும் நானும் திண்ணையில் இருந்து ஒரு கணக்குப் போட்டோம். விலை மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் ரூபாயை விட்டுவிட்டு நாளையும் கிலோவையும் மட்டும் எழுதுகிறேன். நீங்கள் உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்க்கலாம்.

இரண்டு பரப்பையும் லான்மாஸ்ரர் பிடித்து உழுதது ஒன்றுதான் கைக்காசு. எரு வீட்டு மாட்டினுடையது, விதை முந்திய வருடத்தது. மற்றதெல்லாம் அவருடைய உடல் உழைப்பு. கல் பொறுக்கித் தறை துப்புரவாக்க 3 நாள், விதைக்க ஒரு நாள், இரண்டு முறை புல்லுப் பிடுங்க 8 நாள். புல்லுத்தான் இதிலே பெரிய பாடு. குரக்கனைப் போலவே இலையுள்ள காட்டுக்குரக்கன் கூடவே முளைத்துவிடும். “அடித்தண்டைப் பாருங்கோ, அது தட்டையாய் வெள்ளையாய் இருக்கும்” என்று காட்டினார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. கதிர்கள் ஒரே நேரத்தில் முற்றுவதில்லை. மூன்று முறை சுற்றிச் சுற்றிக் கொய்ய 4 நாள். குவித்து மூடி வைத்துப் பிறகு காயவிட்டு, தடியால் அடித்து, சுளகில் புடைக்க 4 நாள். ஆக மொத்தம் 20 நாள். கிடைத்தது 60 கிலோ. ஒரு நாள் உழைப்புக்கு 3 கிலோ.

இந்த 3 கிலோவைத் தானியமாக வியாபாரியிடம் கொடுத்தால் தோட்ட வேலைக்குப் போகும் பெண்ணின் ஒரு நாட் கூலிக்குக் காணாது. (ஆணின் கூலியோடு ஒப்பிடவே வேண்டாம். ஒரே தறையில் ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்ற அநியாயம் இன்னும் போகவில்லை.) மாவாக அரைத்துக் கட்டி விற்றால் ஏறக்குறையக் கூலிக்குச் சமம். புட்டாகவோ ரொட்டியாகவோ இலைக்கஞ்சியோடு சேர்த்தோ விற்றால் கூலியைத் தாண்டும். கூலிக்கு ஆள் பிடித்துக் குரக்கன் செய்பவருக்கு இது நட்டம் தரும் பயிர். அதனால்தான் வசதியான கமக்காரர் அதைத் தொடுவதில்லை. விவசாயம் பற்றிப் பேசுபவர்கள் ‘குரக்கன் செலவில்லாப் பயிர்’ என்று மேடையில் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். செலவு இருக்கிறது. அது ஒரு பெண்ணின் முதுகிலும் முழங்காலிலும் எழுதப்படுவதால் கணக்குக் கொப்பியில் வருவதில்லை.

“அப்ப நட்டப்பட்டுக்கொண்டே விதைக்கிறீங்கள் அக்கா?” என்றேன்.

அவர் சிரித்தார். “விக்கிறதுக்கெண்டு பாத்தால் நட்டம்தான் பிள்ளை. நான் விக்கிறதுக்கு முதல் தின்னிறதுக்கெல்லோ விதைக்கிறன்.” அதற்குள் ‘மிஸ்’ போய்ப் ‘பிள்ளை’ வந்துவிட்டிருந்தது.

வீட்டில் மூன்று பேர். கிழமையில் இரண்டு நேரம் குரக்கன். ஒரு நேரத்துக்கு ஏறக்குறைய 400 கிராம் மா. வருடத்துக்கு 42 கிலோ. மீதி 18 கிலோவைத்தான் மாவாக்கி விற்கிறார். அந்த 42 கிலோவை அவர் கடை விலைக்கு வாங்கியிருந்தால் எவ்வளவு போயிருக்கும் என்று பார்க்கவேண்டும். அப்படிப் பார்த்தால் அந்த நாட்களின் உழைப்புக்கு அவர் தனக்குத் தானே கூலிக்குக் குறையாமல் கொடுத்துக்கொள்கிறார். வியாபாரியோ போக்குவரத்தோ கழிவோ நடுவில் இல்லை.

2022ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க முடியாது. 2021 தொடக்கத்தில் கிலோ 100 ரூபாய்க்கு உட்பட்டிருந்த கோதுமை மா 2022இல் 400 ரூபாயைத் தொட்டது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அந்த வருடம் செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது முந்திய வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. அதற்கு முதல் வருடம் இரசாயனப் பசளைக்குத் திடீர்த் தடை வேறு. அக்காவின் குரக்கனுக்கு யூரியா ஒரு பிடியும் போகவில்லை, ஆகவே தடையும் அதைத் தீண்டவில்லை. மாவுக்கு வரிசையில் நின்ற அந்த மாதங்களில் அவருடைய வீட்டில் இரண்டு மாரிக்கு முந்திய குரக்கன் தகரப் பேணியில் இருந்தது. குரக்கனின் பெரிய குணம் இதுவே. நன்றாகக் காயவைத்து மூடி வைத்தால் வருடக்கணக்கில் கிடக்கும், பூச்சி இலேசில் வராது. வெங்காயத்தை வைத்திருப்பவர் அழுகுமுன் விற்கவேண்டும். குரக்கனை வைத்திருப்பவர் விலை பிடிக்காவிட்டால் மூடியைப் போட்டுவிட்டுப் போகலாம். தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு ‘இப்ப விக்கமாட்டன்’ என்று சொல்ல முடிவது சின்ன விஷயமல்ல.

சாப்பாட்டுப் பக்கத்தையும் சொல்லவேண்டும். 100 கிராம் குரக்கனில் 340 மில்லிகிராம் அளவில் கல்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். வளரும் பிள்ளைக்கும், மாதவிடாய் நிற்கும் வயதில் எலும்பு தேயும் பெண்ணுக்கும் இது பெரிய வித்தியாசம். ஆனால் கடைப் பைக்கற்றில் எழுதியிருப்பதை நம்பி நீரிழிவுக்காரர் வயிறு முட்டச் சாப்பிடக்கூடாது. குரக்கனிலும் 100 கிராமுக்கு 72 கிராம் மாச்சத்து உண்டு. நன்றாக அரித்த மாவில் காய்ச்சிய கஞ்சி சீனியைச் சீக்கிரம் ஏற்றும். தவிட்டோடு கூடிய மாவில் புட்டவித்து, முருங்கையிலை வறையோடு அளவாகச் சாப்பிடுவது நல்லது.

அக்காவின் பேரன் குரக்கன் புட்டுக்கு வைத்திருக்கும் பெயர் ‘மண் புட்டு’. அக்கா அதற்குச் சண்டை பிடிப்பதில்லை. அரைவாசி அரிசி மா கலந்து, தேங்காய்ப்பூவைக் கூடப் போட்டு, நீத்துப்பெட்டியில் அவித்து, வாழைப்பழத்தோடும் சர்க்கரையோடும் கொடுக்கிறார். “மண்ணெண்டு சொல்லிச் சொல்லியே ரெண்டு தரம் வாங்கித் தின்னுவான்” என்றார்.

மில்லுக்கு வருவோம். குரக்கனை அடித்துப் புடைத்துக் கழுவிக் காயவைத்தால் நேராக மில்லில் அரைக்கலாம். சாமையும் தினையும் வரகும் அப்படியல்ல. உமி இறுக்கமாக ஒட்டியிருக்கும், வரகில் உமி பல படை. உரலில் போட்டுக் குற்றித் தீட்டினால்தான் அரிசி வரும். அக்கா ஒரு வருடம் அரைப் பரப்பில் சாமை போட்டார். விளைந்தது. குற்றத்தான் முடியவில்லை. அவருடைய வலத் தோளில் 2009ஆம் ஆண்டுச் செல் துண்டு ஒன்று இன்னும் இருக்கிறது. உலக்கை பிடித்தால் இரவு நித்திரை இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒரு கை இல்லை. ‘எங்கள் பாட்டிமார் உரலில் இடித்துத்தானே சாப்பிட்டார்கள்’ என்று பழம்பெருமை பேசுபவர்கள் இந்தத் திண்ணையில் ஒரு நாள் வந்து இருக்கவேண்டும். வரகு எங்கள் உறுதிகளில் மட்டும் மிஞ்சியதற்கு இந்த உரலும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஊரிலுள்ள மில்லில் மிளகாய்த்தூளும் அரிசி மாவும்தான் அரைபடும். ஐந்து பத்துக் கிலோவுக்காக மெசினைக் கழுவ மில்காரர் விரும்புவதில்லை. கழுவாமல் அரைத்தால் குரக்கன் மாவில் மிளகாய் எரிக்கும். விதை கொடுத்துப் படம் எடுப்பது சுலபம், அதைப் பல திட்டங்களில் கண்டிருக்கிறேன். அறுத்த பிறகு எங்கே கொண்டுபோவது என்பதை முதலில் யோசித்த திட்டங்கள் அருமை.

தமிழ்நாட்டின் கொல்லிமலையில் இதைக் கண்டறிந்தார்கள். மலைச் சனம் சாமையும் குரக்கனும் விதைத்துச் சாப்பிட்ட இடம் அது. சவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி வந்து அந்த நிலங்களைப் பிடித்துக்கொண்டது. சாமை குறைந்ததற்கு வீட்டில் குற்றும் கஷ்டமும் ஒரு காரணம் என்று கண்டு, எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பெண்கள் சுயஉதவிக் குழுக்களிடம் சிறிய உமி நீக்கும் மெசின்களைக் கொடுத்து, மாவும் சத்துமாவும் செய்து விற்கப் பழக்கியது. தெலுங்கானாவின் சகீராபாத் பகுதியில் தக்காண அபிவிருத்திச் சங்கத்தின் தலித் பெண்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1990களின் நடுப்பகுதியில் தரிசாகக் கிடந்த நிலங்களைத் திருத்தக் கடன் கொடுத்து, அந்தக் கடனைக் காசாக வாங்காமல் சோளமாகத் திருப்பி வாங்கினார்கள். அந்தச் சோளத்தை ஊரிலேயே சேமித்து, ஊரில் யார் அதிகம் ஏழை என்று பெண்களே கூடித் தீர்மானித்து, குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். கடனைத் தானியமாகக் கட்டலாம் என்பதைச் சொன்னபோது அக்கா இரண்டாந்தரமும் கேட்டார். “காசாய் வேண்டாமாமே?”

அரசாங்கமே வாங்கிக்கொள்ளும் இடங்களும் உண்டு. 2023இல், ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த அந்த வருடத்தில், தமிழ்நாட்டில் தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களில் கூப்பன் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் குரக்கன் கொடுக்கத் தொடங்கினார்கள். அங்கே அதைக் கேழ்வரகு என்பார்கள். இந்திய அரசு அறிவித்த ஆதரவு விலை 2023-24இல் 100 கிலோவுக்கு 3,846 இந்திய ரூபாய். எங்கள் நாட்டில் நெல்லுக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நெல் சந்தைப்படுத்தும் சபை இருக்கிறது. குரக்கனுக்கு அப்படித் தனியாக ஒரு சபையும் இல்லை. 2020இல் உழுந்து, பயறு, குரக்கன் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது விலை ஏறியது உண்மை. ஆனால் கையிருப்பு இல்லாத வீட்டில் தோசைக்கு உழுந்து வாங்க முடியாமற் போனதையும் கண்டோம்.

திரும்பும் வழியில் திருநெல்வேலியில் அம்மாச்சி உணவகத்துக்குப் போனேன். வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்களே சமைத்து விற்கும் இடம் அது. குரக்கன் ரொட்டியும் இலைக்கஞ்சியும் வாங்க மாணவர்கள், அலுவலகத்தார் என்று வரிசை நின்றது. அக்காவின் கணக்கில் கூலியைத் தாண்டுவது இந்த இடத்தில்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் வசாவிளானிலிருந்து விடியற்காலையில் புட்டோடு வந்து சேர பஸ் வசதி வேண்டும், வீட்டில் பேரனைப் பார்க்க ஆள் வேண்டும். சமைக்கும் பெண்ணும் விளைவிக்கும் பெண்ணும் ஒருவராகவே இருக்கவேண்டும் என்பதில்லை. அங்கே சமைக்கும் ஒரு சகோதரியிடம் ஊர்க் குரக்கன் மா கிடைத்தால் வாங்குவீர்களா என்று கேட்டேன். “கல்லில்லாமல், மாதாமாதம் ஒரே அளவாய்த் தந்தால் வாங்குவன்” என்றார். 18 கிலோ வைத்திருக்கும் ஒருவரால் அது ஏலாது. பத்துப் பேர் சேர்ந்தால் முடியும்.

அந்தச் செய்தியைச் சொல்ல அடுத்த மாதம் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். மில் கேட்ட படிவத்துக்கு இதுவரை முடிவு வரவில்லை. அதற்கிடையில் பெண்கள் ஒரு வழி கண்டிருந்தார்கள். எட்டு வீட்டுக் குரக்கனையும் ஒன்றாகச் சேர்த்து, மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மிளகாய் அரைக்காமல் மெசினைக் கழுவி வைக்க ஊர் மில்காரரைச் சம்மதிக்க வைத்துவிட்டார்கள். கழுவும் வேலை பெண்களுடையது. அரைகூலியில் குறைப்பு இல்லை, அதைப் பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது.

விதையையும் அக்கா காசுக்குக் கொடுக்கவில்லை. ஒரு சுண்டு வாங்கினால் அறுத்தபின் இரண்டு சுண்டு திருப்பித் தரவேண்டும், ஒன்று அவருக்கு, ஒன்று சங்கத்துப் பேணிக்கு. அன்றைக்கு ஒன்பது பேர் வாங்கினார்கள். யாருக்கு எவ்வளவு என்று சங்கக் கொப்பியில் பெயரோடு எழுதி, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார் செயலாளர். விதைப்பு ஐப்பசியில், முதல் மழை பெய்து மண் பதப்பட்டவுடன்.